சலங்கை கட்டிய கொத்தனார்

இங்கிலாந்து என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? ராணி, துரை, கோட்டு, ரயில், துப்பாக்கி. நம்மை ஆண்ட நாடு அது. ஆனால் அந்த நாட்டிலும் செங்கல் அறுத்துப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். தையல் வேலையில் கண் மங்கிய பெண்கள் இருந்தார்கள். பனிக்காலத்தில் வேலை நின்றுபோனால் அடுப்பு எரியாத வீடுகளும் இருந்தன. அப்படிப்பட்ட வீடுகள் காப்பாற்றி வைத்த ஓர் ஆட்டத்தின் கதை இது. ஆட்டத்தின் பெயர் மாரிஸ்.

மாரிஸ் ஆட்டம் எப்படி இருக்கும்?

ஆறு பேர் ஆடுவார்கள். மூன்று மூன்று பேராக இரண்டு வரிசையில் எதிரெதிரே நிற்பார்கள். வெள்ளை உடை. மார்பின் குறுக்கே வண்ண நாடா. முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஒரு பட்டை. அதில் வரிசையாகச் சிறு மணிகள். காலைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் மணிகள் குலுங்கும். இரண்டு கைகளிலும் பெரிய வெள்ளைக் கைக்குட்டைகள். சில ஆட்டங்களில் கைக்குட்டைக்குப் பதிலாகக் கம்பு. எதிரில் நிற்பவரின் கம்பில் தாளத்தோடு தட்டி ஆடுவார்கள்.

ஒயிலாட்டமும் கோலாட்டமும் பார்த்தவர்கள், "இது நம் ஆட்டம் போல இருக்கிறதே" என்று சொல்லக்கூடும். பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்ல ஆதாரம் கிடையாது. உலகத்தில் எங்கெல்லாம் உழைக்கிற மக்கள் கூடி ஆடினார்களோ, அங்கெல்லாம் கம்பும் துணியும் மணியும் கைக்கு வந்திருக்கின்றன.

பழைய நாளில் ஒரே ஆள்தான் வாத்தியக்காரர். இடது கையால் குழல் ஊதுவார். வலது கையால் சிறு மேளம் கொட்டுவார். பிறகு பிடில் வந்தது. அதற்குப் பிறகு கான்சர்டினா வந்தது. இரு கைகளாலும் இழுத்து அழுத்தி வாசிக்கும் சிறு காற்றுப்பெட்டி அது. ஆட்டக்காரர்களோடு ஒரு கோமாளியும் வருவான். கூட்டத்தைச் சிரிக்க வைப்பான். ஆடுகிறவர்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பான். நம் கூத்தில் வரும் கட்டியங்காரனைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊருக்கு ஊர் ஆட்டம் மாறும். இங்கே சொன்னது காட்ஸ்வால்டு என்ற பகுதியின் ஆட்டம். வடமேற்கில் பஞ்சாலை ஊர்கள் அதிகம். அங்கே மரத்தால் ஆன அடி வைத்த செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் ஊர்வலமாக ஆடுவார்கள். வேல்ஸ் எல்லைப் பக்கம் கந்தல் துணிகள் தைத்த கோட்டு போட்டு ஆடுவார்கள்.

அரண்மனையிலிருந்து தெருவுக்கு

மாரிஸ் என்ற பெயர் எப்படி வந்தது? "மூர்" என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். வட ஆப்பிரிக்க முஸ்லிம்களை ஐரோப்பியர் மூர்கள் என்று அழைத்தார்கள். ஆக, இங்கிலாந்தின் பழமையான நாட்டுப்புற ஆட்டம் என்று பெருமையோடு சொல்லப்படும் ஒன்றின் பெயரே வெளிநாட்டுக்காரரைக் குறிக்கிறது!

எழுத்தில் கிடைக்கும் முதல் செய்தி 1448-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. லண்டன் நகரப் பொற்கொல்லர் சங்கம் மாரிஸ் ஆடியவர்களுக்கு ஏழு ஷில்லிங் கொடுத்ததாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறது. கணக்கு எழுதி வைப்பதன் பயனைப் பாருங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இந்தச் செய்தி யாருக்கும் தெரிந்திருக்காது.

முதலில் அரண்மனையிலும் பணக்காரர் விழாக்களிலும் ஆடினார்கள். பிறகு அது கிராமத்துக்கு வந்தது. 1600-ஆம் ஆண்டில் வில் கெம்ப் என்ற நடிகர் லண்டனிலிருந்து நாரிச் நகரம் வரை மாரிஸ் ஆடிக்கொண்டே போனார். நூறு மைலுக்கு மேல் தூரம். இவர் ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவில் இருந்தவர். ஆடியது ஒன்பது நாள். இடையிடையே ஓய்வும் எடுத்துக்கொண்டார். சிலர் இதை நம்பவில்லை. அதனால் தானே ஒரு சிறு புத்தகம் எழுதி அச்சிட்டார்.

17-ஆம் நூற்றாண்டின் நடுவில் கடுமையான மதப்பற்று கொண்டவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். ஆட்டம் பாட்டமெல்லாம் பாவம் என்றார்கள். அந்த ஆட்சி 1660-இல் போனதும் ஆட்டம் திரும்பி வந்தது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் வந்த அடி வேறு மாதிரியானது. யாரும் தடை போடவில்லை. கிராமத்தில் பிழைப்பு இல்லை. இளைஞர்கள் ஆலைகளுக்கும் ரயில் வேலைக்கும் போய்விட்டார்கள். ஆறு பேர் சேர்ந்தால்தான் ஆட முடியும். ஊரில் ஆறு பேர் இல்லை. மிச்சம் இருந்தவர்களையும், "காசுக்கு ஆடுகிற குடிகாரர்கள்" என்று பெரிய மனிதர்கள் முகம் சுளித்துப் பார்த்தார்கள். பாம்ப்டன் போன்ற சில ஊர்களில் மட்டும் ஆட்டம் நிற்காமல் தொடர்ந்தது.

பனியில் வந்த ஆறு பேர்

ஆக்ஸ்போர்டு நகரம் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் பெயர் பெற்றது. அதன் ஓரத்தில் ஹெடிங்டன் குவாரி என்று ஒரு கிராமம். பெயரே சொல்லும். கல் வெட்டியவர்களும் செங்கல் சுட்டவர்களும் வாழ்ந்த இடம். பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குக் கல் இங்கிருந்து போனது. கல் வெட்டியவரின் பிள்ளைகள் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்களா என்று கேட்க வேண்டியதில்லை.

1899-ஆம் ஆண்டு, டிசம்பர் 26. கிறிஸ்துமசுக்கு மறுநாள். கடும் பனி. கொத்து வேலை நின்றுபோயிருந்தது. கையில் காசு இல்லை. ஹெடிங்டன் குவாரியின் ஆட்டக்காரர்கள் வெள்ளை உடையும் மணியும் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். வழக்கமாக அவர்கள் ஆடுவது வசந்த காலத்தில் வரும் பெந்தெகொஸ்தே பண்டிகைக்குத்தான். பருவம் தப்பி ஆடுவதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு வீட்டின் முன்னால் ஆடினார்கள். அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்தவர் செசில் ஷார்ப். இசை ஆசிரியர். வயது நாற்பது. கான்சர்டினா வாசித்த இளைஞர் வில்லியம் கிம்பர். வயது இருபத்தேழு. கொத்தனார். ஷார்ப் அவரை மறுநாள் வரச் சொன்னார். கிம்பர் வாசித்தார். ஷார்ப் மெட்டுகளை இசைக்குறியில் எழுதிக்கொண்டார். பிறகு தாள்களை எடுத்து வைத்துவிட்டார். ஆறு ஆண்டுகள் அதில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

இந்த இடத்தில்தான் பல புத்தகங்கள் தவறு செய்கின்றன. "ஷார்ப் மாரிஸ் ஆட்டத்துக்கு உயிர் கொடுத்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. உயிர் கொடுத்தவர்கள் வேறு. லண்டனில் துணி தைத்துக்கொண்டிருந்த பெண்கள் அவர்கள்.

தையல் பெண்களின் மன்றம்

மேரி நீல் பர்மிங்காம் நகரில் பித்தான் செய்து விற்ற ஒருவரின் மகள். வசதியான வீடு. ஆனால் அவர் லண்டனுக்கு வந்து ஏழைப் பெண்களிடையே வேலை செய்தார். 1895-இல் தோழி எம்மலின் பெத்திக்குடன் சேர்ந்து ஒரு மன்றம் தொடங்கினார். மன்றத்தின் பெயர் எஸ்பரான்ஸ். பிரெஞ்சு மொழியில் "நம்பிக்கை" என்று பொருள். பகலெல்லாம் தைத்துக் களைத்த பெண்கள் மாலையில் இங்கே வருவார்கள். பாடுவார்கள், விளையாடுவார்கள். இரண்டு தோழிகளும் ஒரு தையல் கூடமும் நடத்தினார்கள். அங்கே ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை. அந்தக் காலத்துத் தையல் கடைகளில் இது யாரும் எதிர்பார்க்காத ஏற்பாடு.

1905-இல் மன்றத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க நாட்டுப்பாடல் வேண்டும் என்று மேரி நீல் ஷார்ப்பிடம் போனார். பாடல்கள் கிடைத்தன. பெண்களுக்கு மிகவும் பிடித்துவிட்டன. "பாட்டுக்கு ஏற்ற ஆட்டமும் உண்டா?" என்று கேட்டார். ஷார்ப்புக்குக் கிம்பரின் நினைவு வந்தது. மேரி நீல் ரயில் ஏறி ஆக்ஸ்போர்டு போனார். குவாரி கிராமத்தில் கிம்பரைத் தேடிக் கண்டுபிடித்தார்.

கிம்பரும் அவருடைய உறவினர் ஒருவரும் லண்டனுக்கு வந்தார்கள். தையல் பெண்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார்கள். ஆண்கள் ஆடி வந்த ஆட்டத்தைப் பெண்களுக்குச் சொல்லித்தரலாமா என்ற கேள்வியோடு கிம்பர் வேலையைத் தட்டிக்கழிக்கவில்லை. கேட்டார்கள், வந்தார், கற்பித்தார். பெண்கள் வியக்கத்தக்க வேகத்தில் கற்றுக்கொண்டார்கள். 1906-இல் பொது மேடையில் ஆடினார்கள்.

அதன் பிறகு அழைப்புக்கு மேல் அழைப்பு. எங்கள் ஊருக்கு வாருங்கள், எங்கள் பள்ளிக்கு வாருங்கள் என்று கடிதங்கள். நேற்று வரை ஊசியும் நூலுமாக இருந்த பெண்கள் ரயில் ஏறி ஊர் ஊராகப் போனார்கள். அங்கே அவர்கள்தான் ஆசிரியர்கள். படித்த பெரிய வீட்டுப் பெண்கள் இந்தத் தையல்காரிகளிடம் பாடம் கேட்டார்கள். அவர்களில் தலைசிறந்த ஆட்டக்காரி பிளாரி வாரன். மேரி நீலுடன் கப்பல் ஏறி அமெரிக்கா வரை போய்க் கற்பித்தார். பிறகு அங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்டார்.

ஷார்ப் 1907-இல் வெளியிட்ட மாரிஸ் புத்தகத்தின் முதல் பாகத்தை இந்த மன்றத்துப் பெண்களுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

சான்றிதழா, கைவழியா?

நட்பு நீடிக்கவில்லை. ஷார்ப் என்ன சொன்னார்? "ஆட்டம் சரியாக இருக்க வேண்டும். காலைத் தூக்கும் அளவு, கையை வீசும் அளவு எல்லாம் பிசகக் கூடாது. பயிற்சி பெற்றவர்தான் கற்பிக்க வேண்டும்" என்பது அவர் கட்சி. 1909-இல் லண்டனில் செல்சி என்ற இடத்தில் ஆசிரியர் பயிற்சி தொடங்கினார். 1911-இல் ஆங்கில நாட்டுப்புற ஆட்டச் சங்கத்தை ஏற்படுத்தினார். தேர்வும் சான்றிதழும் வந்தன.

மேரி நீல் என்ன சொன்னார்? "இது தெரிந்தவரிடமிருந்து நேராகக் கற்க வேண்டியது. ஆளுக்கு ஆள் சிறிது மாறத்தான் செய்யும். மகிழ்ச்சியாக ஆடினால் போதும்" என்பது அவர் கட்சி.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஷார்ப் எழுதி வைத்திராவிட்டால் பல ஊர்களின் ஆட்டங்கள் முதியவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும். அதை மறுக்க முடியாது. ஆனால் சான்றிதழ் என்று வந்ததும் வெளியே நின்றது யார்? நாடெங்கும் போய் ஆட்டத்தைப் பரப்பிய அந்தத் தையல் பெண்கள்தான். எழுத்து ஒன்றைக் காப்பாற்றவும் செய்யும். எழுத்தைக் கையில் வைத்திருப்பவர் மற்றவரை வெளியே நிறுத்தவும் செய்யலாம். எழுத்தைப் புதிதாகக் கற்றவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

1914-இல் முதல் உலகப் போர் வந்தது. எஸ்பரான்ஸ் மன்றம் மூடப்பட்டது. ஷார்ப்பின் ஆண்கள் குழுவில் ஆடியவர்களில் நான்கு பேர் 1916-இல் பிரான்சில் நடந்த சோம் சண்டையின்போது மாண்டார்கள். இசையமைப்பாளர் ஜார்ஜ் பட்டர்வொர்த் அவர்களில் ஒருவர். ஆண்கள் போருக்குப் போன காலத்தில் ஆட்டத்தை விடாமல் கொண்டுசென்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ஆனால் கைமாறு என்ன கிடைத்தது? 1934-இல் ஆறு குழுக்கள் கூடி "மாரிஸ் வளையம்" என்ற சங்கத்தைத் தொடங்கின. ஆண்களுக்கு மட்டும் என்றார்கள். மாரிஸ் ஆண்களின் ஆட்டம், பெண்கள் ஆடினால் அது மாரிசே இல்லை என்று பேசத் தொடங்கினார்கள். கிம்பர் அப்போது உயிரோடுதான் இருந்தார். பெண்களுக்குக் கற்பித்தவரே உயிரோடு இருக்கும்போது இந்தப் பேச்சு! 1937-இல் மேரி நீலுக்கு அரசு விருது கிடைத்தது. ஆனாலும் 1944-இல் அவர் மறைந்த பிறகு மாரிஸ் கதையில் அவர் பெயர் வெகுவாக மங்கிப்போனது. கிம்பர் 1961-இல் இறந்தார். இறந்த நாள் டிசம்பர் 26.

கதவு திறந்தது

பெண்கள் பேசாமல் இருக்கவில்லை. 1975-இல் தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தினார்கள். பழைய குழுக்களிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை. தாங்களே குழு அமைத்து, தாங்களே கற்று, தெருவில் ஆடினார்கள். பிறகு ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அமைப்பின் பெயரில் இருந்த "பெண்கள்" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். ஆண்களின் மாரிஸ் வளையம் 2018-இல்தான் பெண்களுக்கு இடம் கொடுத்தது. கிம்பர் லண்டனுக்குப் போய்க் கற்பித்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. எல்லைப்புற ஆட்டக்காரர்களில் பலர் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடினார்கள். "வேலை இல்லாத ஏழைகள் ஆள் அடையாளம் தெரியாமல் காசு கேட்கக் கரி பூசினார்கள், அது எங்கள் பழைய வழக்கம்" என்றார்கள். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் வேறொன்றும் நடந்தது. வெள்ளைக்காரக் கலைஞர்கள் முகத்தில் கருப்புச் சாயம் பூசி, கருப்பின மக்களைக் கேலி செய்து ஆடினார்கள். இது அமெரிக்காவில் தொடங்கி இங்கிலாந்திலும் பரவியது. மாரிஸ் ஆட்டத்தின் கரி முகத்தில் இந்தக் கேலியும் கலந்திருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

இன்று இங்கிலாந்தின் ஊர்களில் கருப்பின மக்களும் வாழ்கிறார்கள். கடைத்தெருவில் திடீரென்று இருபது கரி முகங்கள் எதிரே வந்தால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்? "எங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை" என்று ஆடுகிறவர் சொல்லலாம். பார்க்கிறவருக்கு வலிப்பது நிற்காது. ஷ்ரூஸ்பரி நகர நாட்டுப்புற விழா, கரி முகக் குழுக்களை இனி அழைப்பதில்லை என்று 2016-இல் முடிவு செய்தது. 2020 ஜூலையில் மாரிஸ் சங்கங்களின் கூட்டு அமைப்பு, முகம் முழுதும் கருப்புப் பூசும் வழக்கத்தைக் கைவிடும்படி அறிவித்தது. பல குழுக்கள் நீலம், பச்சை என்று வேறு வண்ணங்களுக்கு மாறின. ஆட்டம் குறைந்துபோகவில்லை.

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பேக்கப் என்ற ஊரில் ஒரு குழு உண்டு. அவர்களைத் "தேங்காய் ஆட்டக்காரர்கள்" என்பார்கள். அந்தக் குளிர் நாட்டில் தென்னை ஏது? கையிலும் முழங்காலிலும் மரவட்டுகளைக் கட்டித் தட்டி ஆடுவதால் அந்தப் பெயர். வழக்கத்தை மாற்ற மாட்டோம் என்று அவர்கள் கூட்டு அமைப்பை விட்டு விலகினார்கள்.

வடமேற்கு ஊர்களில் இன்னொரு மாரிஸ் இருக்கிறது. சிறுமிகள் கையில் வண்ணக் குஞ்சங்களைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக ஆடுவார்கள். போட்டிகள் நடக்கும். முன்பு ஆடிய அக்காமார்களும் அம்மாமார்களும்தான் பயிற்சி தருவார்கள். நீண்ட காலம் நாட்டுப்புறக் கலை அறிஞர்கள் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. கம்பும் கைக்குட்டையும் இல்லாததால் அது மாரிஸ் கணக்கில் சேரவில்லை போலும்! இப்போதுதான் அதையும் ஆராய்ந்து எழுதுகிறார்கள்.

ஒரு குழு எப்படி நடக்கிறது?

இங்கிலாந்தில் மாரிஸ் குழுவைத் தொடங்க அரசு உத்தரவு வேண்டாம். ஊர்ப் பொதுக்கூடம் ஒன்று, வாரத்தில் ஒரு மாலை, வாசிக்க ஒருவர். இவை போதும். குளிர்காலம் முழுதும் பயிற்சி. கோடை வந்ததும் தெருவிலும் சந்தையிலும் மதுக்கடை வாசலிலும் ஆட்டம். பார்க்கக் கட்டணம் கிடையாது. கோமாளி தொப்பியை நீட்டுவான். விருப்பம் உள்ளவர்கள் காசு போடலாம்.

குழுவில் தலைவர் ஒருவர் இருப்பார். கடிதம், கணக்கு பார்க்க ஒருவர். ஆட்டம் சொல்லித்தர ஒருவர். ஆசிரியரும் ஓட்டுநரும் செவிலியரும் தச்சரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். மெலிந்த உடல் வேண்டும், இளம் வயது வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. குதிக்க முடியாதவர் மேளம் கொட்டலாம். முதல் நாள் வருகிறவர் கையிலும் ஒரு கம்பைக் கொடுத்து நடுவில் நிறுத்திவிடுவார்கள். பின்னாலும் முன்னாலும் தெரிந்தவர்கள் நின்று வழி காட்டுவார்கள்.

மே மாதம் முதல் நாள் விடியற்காலையில் பல ஊர்களில் குன்றுகளில் ஏறிச் சூரியன் உதிக்கும்போது ஆடுகிறார்கள். ஸ்ட்ரவுட் என்ற பழைய நெசவு ஊரில் 2015-இல் பெண்களே ஒரு குழுவைத் தொடங்கினார்கள். பெயர் பாஸ் மாரிஸ். வெள்ளை உடை என்ற கட்டாயத்தை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. பளிச்சென்ற வண்ணங்கள், முகத்தில் ஓவியம், தாங்களே தைத்த உடைகள். காலடியும் மணியும் மட்டும் பழையவை. 2023-இல் பிரிட்டனின் பெரிய இசை விருது விழாவான பிரிட் விருது மேடையில் அவர்கள் ஆடினார்கள். வெட் லெக் என்ற இசைக்குழு பாட, லட்சக்கணக்கானோர் பார்க்கும் தொலைக்காட்சியில் மாரிஸ் மணிகள் குலுங்கின.

ஹெடிங்டன் குவாரிக் குழுவும் இன்று வரை ஆடுகிறது. மேரி நீலின் கடிதங்களும் தாள்களும் நெடுங்காலம் குடும்பத்தார் வீட்டில் இருந்தன. இப்போது லண்டனில் நாட்டுப்புறக் கலைச் சங்கத்தின் நூலகத்தில் இருக்கின்றன. அந்தக் கட்டடத்தின் பெயர் செசில் ஷார்ப் இல்லம்.

பேசுங்கள், எழுதுங்கள்

உங்கள் ஊரில் முன்பு ஆடி, இப்போது நின்றுபோன ஆட்டம் எது? ஏன் நின்றது? ஆள் இல்லாமலா, காசு இல்லாமலா, யாரையாவது சேர்க்க மறுத்ததாலா? அந்த ஆட்டத்தைப் பெண்கள் ஆடலாமா என்று கேட்டால் ஊரில் யார் யார் என்ன சொல்வார்கள்? ஆட்டம் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் போய் உட்காருங்கள். அவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எந்த மாதத்தில் ஆடுவார்கள், எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கேட்டு உங்கள் கையாலேயே ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் திருத்தச் சொன்ன இடத்தில் திருத்துங்கள்.